ஆணியில்லாத தாழ்ப்பாள்

நூருன்னிசாவுக்கு எழுபத்தேழாம் வருஷம் தென்காசியில் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை கிதிர் முகம்மதுவுக்கு ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் படம் வரைகிற உத்தியோகம். கையில் இட்ட மருதாணி வெளுப்பதற்குள் மாப்பிள்ளை திருவனந்தபுரம் போய் விமானம் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் ஒரு டேப்ரிக்கார்டரோடுதான். அவர் அங்கே பேசிப் பதிந்து அனுப்புகிற கேசட்டை இங்கே போட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டு மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்புவாள். ஒழுங்காகச் சண்டை போடக்கூட வழியில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அந்தக் கோபம் ஆறி வேறு கோபம் வந்திருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விடுப்பில் வருவார். குற்றாலத்து அருவிக்காவது வருஷா வருஷம் தண்ணீர் வரும். அவர் வந்திருக்கும்போது மகள் பாத்திமுத்து தம்ளரைத் தட்டில் வைத்து, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி வாப்பாவுக்குத் தண்ணீர் கொடுப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நூருன்னிசா நினைத்துக்கொள்வாள். இந்த மனிதரை ஒரு தடவையாவது விருந்தாளியாக இல்லாமல் பார்த்துவிட வேண்டும். சாளனக் குழம்பில் உப்பில்லை என்று அடுக்களைக்கே வந்து சண்டை போடுகிற புருஷனாகப் பார்க்க வேண்டும். அவளுடைய ஆசை மொத்தமே இவ்வளவுதான். எந்தக் கேசட்டிலும் அதை அவள் சொன்னதில்லை. சொன்னால் அழுகை வரும். கேசட்டில் அழுகை பதிந்துவிட்டால் அதை மட்டும் அழிக்க அவளுக்குத் தெரியாது.

எண்பத்தெட்டாம் வருஷம் சாரல் தொடங்கிய சமயத்தில் கிதிர் வந்து இறங்கினார். ஒவ்வொரு தடவையும் அவரைத் திருவனந்தபுரத்திலிருந்து கூட்டிவருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் முகம்மது மீரானின் வாடகை அம்பாசடர்தான். வரும்போதே திரும்பிப் போகிற தேதியையும் கிதிர் மீரானிடம் சொல்லிவிடுவது வழக்கம். மீரானைப் பார்த்தால் நூருன்னிசாவுக்கு வாய் சிரிக்கும், மனசு சிரிக்காது.

வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்தால் பெட்டி பிரிப்பது ஊரில் தனி வைபவம். சொந்தக்காரர்கள் விடிந்ததும் வந்து வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் எதையும் எதிர்பார்த்து வரவில்லை என்று ஆளுக்கொரு தடவை சொல்வார்கள். அது முடிந்த பிறகு பெட்டியைப் பிரிக்கலாம். இந்தத் தடவை வண்டியின் தலையில் கட்டி வந்த அட்டைப்பெட்டி ஓர் ஆட்டையே உள்ளே நிறுத்திவைக்கிற அளவுக்கு இருந்தது. கலர் டி.வி. என்று தெரு முழுக்கத் தீர்மானமாகிவிட்டது. பிரித்தால் ஒரு திரை, ஒரு தகரப்பெட்டி, ஒரு தட்டச்சுப் பலகை.

"என்னடா கிதிரு, டி.வி.யோட டைப்ரைட்டரும் சேத்துக் குடுத்துட்டானா?" என்றாள் கிதிரின் அக்கா சையதம்மாள்.

"கம்ப்யூட்டர்க்கா."

"படம் ஓடுமா?"

"படம் வரையும்."

"வரையுததுக்குத்தான் நீ இருக்கியே. அதுக்கு வேற எதுக்கு ஒரு ஆளு?"

ஷார்ஜா கம்பெனியும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தது, மறுபக்கத்திலிருந்து. இயந்திரம் வந்ததும் படம் வரைகிற கூடத்தில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பினார்கள். கிதிர் அந்த இயந்திரத்தையே கற்றுக்கொண்டதால் தப்பினார். புதுசு வாங்கியபோது கழித்துப்போட்ட பழசை அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

அக்காவிடம் இதையெல்லாம் விளக்க நேரமில்லை. கூட்டம் அதற்குள் சின்னப் பெட்டியின்மேல் விழுந்துவிட்டது. சென்ட்டு ஒரு பக்கம் போனது, கோடாலித் தைலம் ஒரு பக்கம் போனது. ஒரு ஜப்பான் சேலையின் ஒரு முனை சையதம்மாள் கையிலும் மறுமுனை ஒரு சின்னம்மா கையிலும் இருந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் இழுத்தார்கள், ஆனால் விடவில்லை. எல்லாரும் போன பிறகு நூருன்னிசா கையில் மிஞ்சியது ஒரு ஷாம்பு குப்பி.

அதன் மூடிதான் அவளை முதலில் பிடித்து உட்காரவைத்தது. மூடி தனியாகக் கழன்று வரவில்லை. குப்பியின் கழுத்தோடு ஒட்டிப் பிறந்திருந்தது. கீல் இல்லை, கம்பி இல்லை. சேர்கிற இடத்தில் நூல்போல ஒரு மெலிவு, அவ்வளவுதான். தட்டினால் திறந்தது, அழுத்தினால் மூடியது. திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தாள்.

"இது எப்ப ஒடியும்?"

"ஒடியாது" என்றார் கிதிர். "அந்த இடத்துல மட்டும் தாளு மாதிரி விட்டிருக்கான். மெலிஞ்ச இடம் வளையும், தடிச்ச இடம் வளையாது. இந்த ஒரு சூத்திரத்தை வச்சுக்கிட்டு ஒரே துண்டுலயே எல்லாத்தையும் பண்ணிரலாம். ஆணி வேண்டாம், ஸ்பிரிங் வேண்டாம். கோத்துப் பூட்ட வேண்டிய உறுப்பே கிடையாது."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்கனயே இருந்து இதுல ஏதாச்சும் தொழில் ஓடுதான்னு பாக்கப் போறேன். விசா இன்னும் உயிரோடதான் இருக்கு. ஓடிச்சுன்னா இருந்துக்கிடுதேன். ஓடலேன்னா மீரான் வண்டிதான்."

நூருன்னிசா குப்பியை மெதுவாக மூடினாள். டக்கென்று ஒரு சத்தம் வந்தது.

முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். தென்காசி மின்சாரம் சாயங்காலமானால் மெழுகுவத்தியோடு போட்டி போட்டுத் தோற்றுப்போகும். ஆகவே விடியற்காலைப் பஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு கிதிர் இயந்திரத்தின் முன் உட்காருவார். கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள் ஓடும். நூருன்னிசா சாயாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகிற மாதிரி போய்க் கதவோரம் நின்றுகொள்வாள்.

ஒருநாள் அவர் ஒரு கோட்டைத் தப்பாகப் போட்டார். எதையோ தட்டினார், கோடு இல்லை. முன்பெல்லாம் தாளில் தப்பு வந்தால் பிளேடால் சுரண்டுவார். சுரண்டிய இடம் ஆறின புண் மாதிரி தெரியும். இதில் அந்த இடம் பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரிக் கறுப்பாக இருந்தது.

"அழிச்ச தடமே இல்லையே" என்றாள். அந்த வசதியுள்ள ஒரு டேப்ரிக்கார்டரை ஏன் யாரும் செய்யவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

இன்னொரு நாள் திரை நிறைய ஒரு கொக்கி இருந்தது. அவர் எதையோ தட்டத் தட்ட அது சுருங்கிச் சுருங்கி, கடைசியில் கடுகாகி மறைந்தது.

"ஐயோ, எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அங்கனயேதான் இருக்கு. நாமதான் தூரமா வந்துட்டோம்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப கிட்டப் போங்க" என்றாள். அவர் தட்டினார். இருட்டுக்குள்ளிருந்து அந்தக் கொக்கி, ஒரு கோடு குறையாமல், வளர்ந்து வந்து நின்றது. நூருன்னிசாவுக்குப் புல்லரித்தது. சாயா ஆறிப்போனதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

கொக்கி வரைந்தது யாருக்காக என்றால், நம்பிராஜன் அண்ணாச்சிக்காக. ஐந்தருவிப் பாதையில் அவருக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. கிதிரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். கலர் டி.வி. பார்க்க வந்து ஏமாந்தவர்களில் அவரும் ஒருவர். வந்ததற்குத் தன் குறையையாவது இறக்கிவைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தார்.

"பாய், உமக்குத் தெரியாதது இல்ல. சாரல்ல இரும்புத் தாழ்ப்பாள் ஒரு சீசன் தாங்கமாட்டேங்கு. ஸ்பிரிங்கு போட்டா ஸ்பிரிங்கு துருவாப் போவுது. அதுக்கும் மிஞ்சி நிக்கிறத இந்தக் கொரங்குக தீத்துருது. அதுல ஒரு கடுவன் இருக்கான். எங்க ஆளுக அவனுக்கு மேனேஜர்னு பேரு வச்சிருக்காக. தெனம் ஒருக்க எல்லா ரூமையும் பாத்துட்டுத்தான் போவான். நெசமான மேனேஜர் பாக்கதில்ல."

பால்கனிக் கதவுதான் சிக்கல் என்றார். வெளிப்பக்கம் திறக்கிற சட்டக் கதவு. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ள வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது, மேனேஜருக்கு மசியக் கூடாது. இந்த மூன்றும் ஒரே தாழ்ப்பாளில் அமைந்தால் தன் லாட்ஜ் முழுக்க மாட்டுவதாகவும், மச்சினன்மார் லாட்ஜுகளையும் தானே பேசி முடிப்பதாகவும் சொன்னார். ஒரு தொழில் தொடங்க அது போதும். கிதிர் நூருன்னிசாவைப் பார்த்தார். நூருன்னிசா சுவரைப் பார்த்தாள்.

முதல் தாழ்ப்பாள் பிறந்தது. வரைந்ததை, இயந்திரத்தோடு வந்த அச்சுப்பொறியில் அதே அளவில் அச்சடித்து, மதுரையிலிருந்து வாங்கிவந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டின்மேல் ஒட்டி, மெல்லிய இழைவாளால் தானே அறுத்தார். பார்ப்பதற்கு நண்டின் கொடுக்கு மாதிரி ஒரே துண்டு. கதவில் ஒரு முளை; சாத்தினால் முளை உள்ளே போகும், கொடுக்கு விரிந்து வாங்கிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் பலமாக இழுத்தால் விடும். வீட்டில் மாட்டிப் பார்த்தபோது அற்புதமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து இரண்டு பேரும் குற்றாலம் போனார்கள். நம்பிராஜன் மாடியில் ஓர் அறையைக் காலியாக வைத்திருந்தார். தாழ்ப்பாளை மாட்டினார்கள். உள்ளே கட்டில்மேல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார்கள். கீழே வாதாமரத்தடியில் நின்றுகொண்டார்கள்.

மேனேஜர் வந்தான். நல்ல தாட்டியான உருவம், வகிடு எடுத்த தலை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சொறிந்தான். பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்தான், உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரு இழுப்பு இழுத்தான். டக். உள்ளே போனான். தோலை வெளியே போட்டான்.

"ஏன் பாய் இவ்வளவு சிரமப்பட்டீரு?" என்றார் நம்பிராஜன். "சாவியை நேரா அவன் கையிலயே குடுத்திருக்கலாமே."

திரும்பி வருகிற பஸ்ஸில் கிதிர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். மீரானுக்குச் சொல்லிய தேதி கிட்டத்தில் வந்துவிட்டது. இலஞ்சி விலக்கு தாண்டியது. நூருன்னிசாவுக்கு அழுகை வரப் பார்த்தது. அழுதால் இவர் இன்னும் சீக்கிரம் போய்விடுவார் என்று ஒரு பயம். அழுகை வருகிற வழியில் பேச்சைக் குறுக்கே விட்டாள்.

"அந்தக் கடுவன் இழுத்த இழுப்பைப் பாத்தீயளா? பெட்டி பிரிச்ச அன்னைக்கு உங்க அக்கா ஜப்பான் சேலைய இழுத்தாகள்லா, அச்சு அதே இழுப்பு."

கிதிர் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாத்தான். கண்ணுல பட்டா கைக்கு இழுக்கத்தான் தெரியுது. கொஞ்சம் தள்ளிப் பாப்போம்னு ரெண்டு பேருக்கும் தோணல. உங்க அக்காளுக்காவது சேலை மிஞ்சிச்சு, நமக்கு வாழப்பழத் தோலுதான்."

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. சாரலில் ஆவி படிந்திருந்த பஸ் கண்ணாடியில் விரலால் ஒரு வளைவு போட்டார். அதன்மேல் இன்னொன்று. பிறகு ஒரு கொக்கி. மேலகரம் வந்தது, போனது. தென்காசியில் இறங்குவதற்குள் அந்தக் கண்ணாடியில் இடமில்லை. இறங்கின பிறகும் திரும்பி நின்று பஸ்ஸையே பார்த்தார், அது அந்தக் கண்ணாடியோடு சுரண்டைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் நூருன்னிசா கதவோரம் நிற்கவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தத் தடவை கொடுக்கு இல்லை. வளைந்து வளைந்து ஓடுகிற ஒரு பட்டை, நடுவில் அலகு மாதிரி ஒரு கொக்கி. கதவை இழுத்தால் அலகு இன்னும் ஆழமாகக் கவ்வும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். எதிர்ப்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினால் மட்டும் அலகு ஒதுங்கி வழிவிடும். கதவு திறந்துகொண்டதும் பழையபடி வந்து நிற்கும். அறைக்குள் இருப்பவர் விரலால் அமுக்க ஒரு வால்.

"யாரு சொல்லி அது திரும்பி வருது? ஸ்பிரிங்குதான் இல்லையே."

"யாரும் சொல்ல வேண்டாம். தன் இடம் எதுன்னு அதுக்கு ஞாபகம் இருக்கும்."

அவர் பட்டையின் ஒரு பாதியை மட்டும் வரைந்துவிட்டுக் கையை எடுத்தார். நட்ட நடுவில் ஒரு கோடு போட்டார். எதையோ தட்டினார். இயந்திரம் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு அந்தப் பக்கத்தில் மறுபாதி ஒவ்வொரு கோடாக எழுந்து வந்தது, தண்ணீரில் நிழல் விழுகிற மாதிரி. வரைந்த பாதி எது, வந்த பாதி எது என்று சொல்ல முடியவில்லை.

"சுபஹானல்லாஹ்" என்றாள் நூருன்னிசா, தனக்குள்.

அறுத்த துண்டுகள் பல ஒடிந்தன. மெலிவு போதாத ஒன்றைக் கிதிரே தோளால் முட்டியும் திறக்க முடியவில்லை. மெலிவு கூடிய ஒன்று பாத்திமுத்து சாய்ந்ததற்கே திறந்தது. நூருன்னிசா தள்ளினால் திறக்க வேண்டும், பாத்திமுத்து தள்ளினால் திறக்கக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு கோட்டை மயிரிழை நகர்த்துவார். அதோடு சேர்ந்த கோடுகளையும் நகர்த்திவிட்டு மறுபடி அறுப்பார். கடைசியாக ஒரு காலை உள்ளங்கையை வைத்து நூருன்னிசா தள்ளினாள். கதவு பெருமூச்சு விடுகிற மாதிரி விட்டுக்கொடுத்தது. பாத்திமுத்து தொங்கிப் பார்த்தாள், முட்டிப் பார்த்தாள், அசையவில்லை. கையகலப் பிளாஸ்டிக் துண்டு. தள்ளுவது யார் என்று அதற்கு ஆள் தெரிகிறது.

லாட்ஜில் மாட்டினார்கள். சீசன் உச்சம், காலி அறை ஏது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த சந்தானகிருஷ்ணன் என்ற அதிகாரியின் அறைக் கதவில்தான் மாட்ட முடிந்தது. கிதிர் அவரிடம் விவரம் சொன்னார். அதிகாரி தலையாட்டினார், பதவியில் இருப்பவர்கள் காதில் வாங்காதபோது ஆட்டுகிற ஆட்டல் அது. அருவியில் குளித்து வந்தவர் இடுப்பில் ஈரத்துண்டோடு, கையில் வேட்டியோடு, காயப்போடுவதற்காகப் பால்கனிக்கு வந்தார். காற்று கதவைச் சாத்தியது.

அதிகாரி இழுத்தார், திறக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். துண்டு நழுவியது, அதைப் பிடிக்க ஒரு கையை விட்டுவிட்டு மறுகையால் இழுத்தார். கைப்பிடிச் சுவரில் மேனேஜர் தன் பரிவாரத்தோடு வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"தள்ளுங்க சார்" என்று கீழேயிருந்து கத்தினார் நம்பிராஜன்.

"என்னைத் தள்ளச் சொல்றீரா?"

"கதவத் தள்ளுங்க. தள்ளிட்டு அப்புறமா இழுங்க."

அவர் தள்ளினார், விட்டது, இழுத்தார், திறந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாதாமரத்தடியில் சிரிப்பு எழுந்து பட்டென்று அடங்கியது. ஏனென்றால் மேனேஜர் இறங்கிவிட்டான். இவ்வளவையும் அவன் பார்த்திருக்கிறான். எங்கே கை வைத்தார், எந்தப் பக்கம் தள்ளினார் என்று ஒன்று விடாமல் பார்த்திருக்கிறான். கதவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். தலையைச் சாய்த்தான். வலது உள்ளங்கையை விரித்துக் கதவின்மேல் வைத்தான், அதிகாரி வைத்த அதே இடத்தில்.

நம்பிராஜன் வாயில் வெற்றிலை அசையவில்லை. கிதிர் கண்ணை மூடிக்கொண்டார். நூருன்னிசா மூடவில்லை. ஷார்ஜாவும் தென்காசியும் அந்தக் கறுத்த உள்ளங்கையில் இருந்தன. யா அல்லாஹ், இவனுக்கு அறிவைக் கொடுத்தது போதும், இதுக்கு மேலே கொடுக்காதே.

கை அப்படியே இருந்தது. பிறகு விரல்கள் மடங்கின, சட்டத்தைப் பற்றின. உடம்பு பின்னால் சாய்ந்தது. இழுத்தான். இன்னொரு கையையும் போட்டு இழுத்தான். கதவிலேயே ஏறிக் காலால் பற்றிக்கொண்டு இழுத்தான். அந்த வெள்ளைத் துண்டு, அவன் இழுக்க இழுக்க, ஒரு முனகல்கூட இல்லாமல் இறுகிக்கொண்டே போனது.

கடைசியில் இறங்கி உட்கார்ந்தான். கோபப்படவில்லை, பல்லைக் காட்டவில்லை. அந்தக் கதவை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்தது என்னவென்று நூருன்னிசாவுக்குத் தெரியும். பச்சைக் கோடுகள் இருட்டிலிருந்து எழுந்து வந்தபோது அவள் முகத்திலும் அதுதான் இருந்தது.

"பாய்" என்றார் நம்பிராஜன், வெற்றிலையைத் துப்பிவிட்டு. "எல்லா ரூமுக்கும் போட்டுரும். கூடவே 'தள்ளவும்'னு ஒரு போர்டும் எழுதிக் குடுத்துரும். மேனேஜர் படிக்கமாட்டான். கெஸ்டு படிப்பாகளான்னு சொல்ல முடியாது."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இழைவாள் சத்தம் ஓயவில்லை. இருக்கிறேன் என்று கிதிர் வாயால் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் விசாத் தாளைத் தேடவும் இல்லை. நூருன்னிசா கேட்கவில்லை. மீரானுக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. வாய்விட்டுச் சொன்னால் கலைந்துவிடும் என்று ஒரு பயம்.

ஆகவே குறித்த தேதியில் விடிந்ததும் அம்பாசடர் வந்து வாசலில் நின்றது. மீரான் ஹாரன் அடித்தான். யாரும் வரவில்லை. இறங்கி வந்து, வெள்ளைத் தாழ்ப்பாள் போட்ட வாசல் கம்பிக்கதவில் கையை வைத்தான்.

அந்த நேரத்தில் கிதிர் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் சாளனத்தில் நனைத்த இடியாப்பம். "ஏட்டி, என்ன இது, உப்பையே காணும்? நேத்தும் இப்படித்தான்."

"நேத்து ஒண்ணும் சொல்லலையே. இருக்கற உப்பு போதும், தின்னுங்க."

"அண்ணே, நேரமாவுது" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "கதவு என்ன, இப்படி இறுகிக் கெடக்கு?"

கிதிர் எட்டிப் பார்க்கத் திரும்பினார். நூருன்னிசா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மீரானுக்குச் சாயா கொடுக்க வேண்டும், விஷயத்தைச் சொல்ல வேண்டும், எல்லாம் செய்யலாம்.

கொஞ்ச நேரம் இழுக்கட்டும் என்று விட்டாள்.